மும்பைக்கு வருபவர்கள் முதலில் ரூம் எங்கே என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினால் உங்கள் இணைப்பிதழில் மும்பை சுற்றுலா பற்றி ஒரு பக்கமாவது வந்துவிடுகிறது. கேட்வே ஆஃப் இந்தியா, மெரைன் டிரைவ், ஜுஹு, சித்தி விநாயகர், ஹாஜி அலி என்று படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதைப் படித்துவிட்டுக் கிளம்பி வரும் குடும்பங்கள் இங்கே படுகிற பாட்டை மாட்டுங்காவில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள்தான் பார்க்கிறோம். எதைப் பார்ப்பது என்பதற்கு முன்னால் எங்கே தங்குவது என்று முடிவு செய்ய வேண்டிய ஊர் இது, அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி கூட எழுதுவதில்லை.

எங்கள் சித்தி மகன் தென்காசியிலிருந்து குடும்பத்தோடு வந்தான். இணையத்தில் "மும்பை" என்று போட்டு, கடற்கரைச் சாலைப் படத்தைப் பார்த்து, மலிவாகக் கிடைத்த ரூமுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டான். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ரூம் இருப்பது வாஷியில். அது நவி மும்பை, உப்பங்கழிக்கு அந்தப் பக்கம். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முழங்கால் வலிக்கிற சித்தியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தினமும் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில், தெற்குக் கோடியில் இருக்கும் வி.டி. (இப்போதைய சி.எஸ்.எம்.டி.) ஸ்டேஷன் வரைக்கும் வந்து போனதில் பாதிப் பொழுது ரயிலிலேயே போயிற்று, பிள்ளைகள் பார்த்ததை விடத் தூங்கினதுதான் அதிகம்.

மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஊர். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஆசைப்பட்டுப் பார்க்கிற இடங்களில் பெரும்பாலானவை தெற்குக் கோடியில் இருக்கின்றன. அதனால் தாதர், மாட்டுங்கா பக்கம் ரூம் போடுங்கள் என்றுதான் கேட்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருகிற சாளுக்யா எக்ஸ்பிரஸ் தாதரிலேயே வந்து நிற்கிறது. 2025 அக்டோபரிலிருந்து மெட்ரோ மூன்றாவது தடம் கஃப் பரேடு வரை முழுசாக ஓடுவதால் விமானத்தில் வருகிறவர்களும் ஏர்போர்ட்டிலிருந்து நேராகத் தாதருக்கு வந்துவிடலாம். சாப்பாட்டுக் கவலை மாட்டுங்காவில் அறவே கிடையாது, இட்லி, ஃபில்டர் காபி, இலைச் சாப்பாடு எல்லாம் கூப்பிடு தூரத்தில். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், சில ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கிற ஃபாஸ்ட் லோக்கல் மாட்டுங்காவில் நிற்காது. வி.டி.யில் அவசரமாக அதில் ஏறினால் தாதரை விட்டால் அடுத்தது குர்லாதான். காலையில் எட்டு மணிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள், முடியாவிட்டால் பதினொன்றுக்கு மேல். நடுவில் குழந்தைகளோடு லோக்கலில் ஏறுவது வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மெகா பிளாக் என்று தண்டவாள வேலை நடக்கும், வண்டிகள் குறைந்துவிடும், அதையும் முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

வி.டி., ஃபோர்ட் பக்கமே தங்க நினைப்பவர்கள், அங்கே நிறைய லாட்ஜ்கள் பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜன்னல் இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா, பாத்ரூம் ரூமுக்குள்ளேயே இருக்கிறதா, காலி செய்ய வேண்டியது மதியம் பன்னிரண்டுக்கா அல்லது வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்று போனில் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

அடுத்து, விடுமுறை நாள். எலிஃபெண்டா குகைகள் திங்கட்கிழமை மூடியிருக்கும். போரிவலி தேசியப் பூங்காவும் அதற்குள் இருக்கும் கன்ஹேரி குகைகளும் அன்றைக்குக் கிடையாது. பைகுல்லா மிருகக்காட்சி சாலைக்குப் புதன் விடுமுறை. ஞாயிறு வந்து இறங்கி மறுநாள் காலையிலேயே கேட்வே படகுத்துறைக்கு வந்து ஏமாந்து நிற்கிற நம் ஊர்க்காரர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஏனென்றால் எலிஃபெண்டா நம்மவர்கள் தவறவே விடக்கூடாத இடம். சுமார் ஒரு மணி நேரப் படகுப் பயணம், அப்புறம் நூற்றுச் சொச்சம் படிகள், ஏறினால் பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில். உள் சுவரில் கிட்டத்தட்ட 20 அடி உயரத்துக்கு மூன்று முகங்களோடு சதாசிவர். நடுமுகம் கண்மூடி அமைதியாக, ஒரு பக்கம் மீசையும் பாம்புமாக உக்கிரம், மறுபக்கம் தாமரை ஏந்திய அம்மை முகம். இந்தப் பக்கம் அர்த்தநாரி, அந்தப் பக்கம் கங்காதரர். உள்ளே வெளிச்சம் குறைவு, கண் பழகிய பிறகுதான் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும், அவசரமாகப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். 1987-லேயே யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்ட இடத்தை உங்கள் பக்கத்தில் படத்துக்குக் கீழே ஒரே வரியில் முடித்திருந்தீர்கள்.

அதேபோல் காசு செலவில்லாத ஓவல் மைதானத்தைப் பற்றி எதுவுமே இல்லை. கிழக்கே உயர் நீதிமன்றமும் ராஜாபாய் மணிக்கூண்டும், மேற்கே வளைந்த பால்கனிகள் வைத்த, ஆர்ட் டெக்கோ என்ற கட்டடப் பாணி வீடுகள். 2018-ல் இந்த இரண்டு வரிசையையும் சேர்த்துத்தான் யுனெஸ்கோ அங்கீகாரம் கொடுத்தது. அங்கிருந்து காலா கோடா, அருங்காட்சியகம், கேட்வே என்று நடந்தே போய்விடலாம், டாக்ஸியே தேவைப்படாது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மும்பைப் பக்கம் போடும்போது ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்து ஸ்டேஷன், வார விடுமுறை, மழைக்காலத்தில் படகு நின்றுவிடக்கூடும் என்ற எச்சரிக்கை, இந்த மூன்றையும் சின்ன எழுத்திலாவது போடுங்கள். தங்குவதற்கு நட்சத்திர ஹோட்டல்களோடு நிறுத்தாமல் நடுத்தரக் குடும்பம் எந்தப் பேட்டையில் ரூம் தேடலாம் என்றும் எழுதுங்கள். விடுமுறை தொடங்குகிற வாரத்தில் போட்டால் பிரயோஜனமில்லை, அதற்குள் எல்லோரும் ரூமுக்குப் பணம் கட்டியிருப்பார்கள். ஒரு மாதம் முன்பே போடுங்கள்.

இப்படிக்கு,
மாட்டுங்கா வாசகி, மும்பை