அக்டோபர் பனி

டென்வர்,
பிப்ரவரி 9

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்திக்குக் காது குத்திய படம் பார்த்தோம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து என்னமாய் முறைக்கிறாள்! "இந்த வயதில் பனிமலையில் உனக்கென்ன வேலை?" என்று கேட்டிருந்தாய். வீட்டிலும் தினமும் அதே கேள்விதான்.

பையன் சனிக்கிழமையானால் பனிச்சறுக்குக் கட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். டிக்கெட் வாங்கிச் சறுக்கும் இடத்துக்கு அல்ல, ஆள் அரவமில்லாத காட்டுமலைக்கு. தடுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. சரி என்று அவனோடு பனிச்சரிவுப் பயிற்சியில் நானும் சேர்ந்துவிட்டேன். மலையில் பனிப்பாளம் பெயர்ந்து ஆளைப் புதைத்துவிடுமே, அதில் சிக்காமலிருக்கச் சொல்லித்தரும் பயிற்சி.

போன வாரம் பெர்த்தட் கணவாய்க்குப் போனோம். 11,307 அடி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வடக்குப் பார்த்த சரிவில் தரை தெரியும்வரை குழி தோண்டச் சொன்னார்கள். மேலே ஒரு முழத்துக்குக் காற்று அடித்து இறுக்கிய பனி, பலகை மாதிரி. அடியில் கையை விட்டு அள்ளினேன். உருண்டை பிடிக்க வரவில்லை, ரவை மாதிரி விரலிடுக்கில் கொட்டிவிட்டது. இங்கே அதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள்.

அது அக்டோபரில் விழுந்த பனியாம். தரையை ஒட்டிக் கிட்டத்தட்ட 0 டிகிரி, மேலே ராத்திரியில் மைனஸ் 20. முழங்கால் உயரப் பனிக்குள் இத்தனை வித்தியாசம் இருந்தால், கீழேயிருந்து ஆவி ஏறி, வழியிலுள்ள மணிகளில் படிந்து, அவை பட்டை பட்டையாக வளர்ந்துவிடும். அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டாது. பனி நிறைய விழுந்தால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். இந்தக் கொலராடோ மாநிலத்தில் முதலில் கொஞ்சமாக விழுந்து, அப்படியே குளிரில் கிடப்பதுதான் வினை. ஜனவரியில் பெய்வதெல்லாம் அந்த ரவைமேல்தான் உட்கார்கிறது.

சோதனையும் செய்தோம். மூன்றடி அகலத்துக்குப் பனியைத் தூணாக அறுத்து, ஒரு ஓரத்தில் மண்வெட்டியை வைத்துத் தட்டவேண்டும்: மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. பன்னிரண்டாவது தட்டிலேயே மொத்தப் பாளமும் டிராயர் மாதிரி என் மடிக்கு வழுக்கி வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது சமதரையில் காலடியில் 'வும்' என்று ஒரு சத்தம், தரையே ஒரு விரற்கடை இறங்கினாற்போல. அடியடுக்கு நொறுங்கும் சத்தம் அது. அதே சத்தம் 35 டிகிரி சரிவில் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவர்களோ மிதித்துக் கிளப்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள்.

2016-ல் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த நம் ராணுவ வீரர் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்ததை எழுதியிருந்தாய். அது அபூர்வத்திலும் அபூர்வம், அவரும் சில நாளில் போய்விட்டாரே. 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். அரைமணி தாண்டினால் மூன்றில் ஒருவர் தேறினாலே பெரிது. அதனால் கூட வந்தவன்தான் தோண்டியாக வேண்டும். ஆளுக்குப் பதிலாகப் புதைத்து வைத்த பையை, பீக்கன் என்ற சமிக்ஞை பிடிக்கும் கருவியால் தேடி எடுக்க எனக்கு 9 நிமிடம் ஆயிற்று, பையனுக்கு 4. ஒருவேளை புதைந்தால், நான் புதைவதே நல்லது என்று அவனிடம் சொன்னேன்.

நேற்று காலை அவனே பனிச்சரிவு மையத்தின் அறிவிப்பைப் பார்த்தான். ஆபத்தின் அளவு ஐந்தில் மூன்று. நான்கு, ஐந்து என்றால் எவனும் போகமாட்டான்; அதிகம் பேர் சாவது இந்த மூன்றில்தான். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டான். எனக்கு அதுவே போதும்.

குழி தோண்டியதில் முதுகு பிடித்திருக்கிறது. உங்கள் ஊர் வைத்தியர் கொடுக்கும் எண்ணெயின் பெயரை மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராமு