அந்த ஊர்க்காரர் யார் பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. வாட்ஸாப்பில் பேசி அனுப்பலாம் என்று மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் தொண்டை அடைத்துக்கொண்டது, அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ சிகாகோவிலிருந்து போனில் சொன்னது மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஒரு நோயாளியின் மகன் உன் பேச்சு புரியவில்லை, இந்த ஊர் நர்ஸ் யாரையாவது அனுப்புங்கள் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னதும், நீ ஒன்றும் பேசாமல் மருந்து அறைக்குள் போய் நின்று அழுததும். அதைவிட, கடைசியில் நீ சொன்னாயே, "இங்க எல்லாரும் இந்த ஊர்க்காரங்க அம்மா, நான் மட்டும்தான் ஒட்டிக்கிட்டு இருக்கேன்" என்று, அதுதான். நீ போனை வைத்த பிறகு அப்பா வெகுநேரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார், விளக்குகூடப் போடவில்லை.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. 28 வருஷம் கிளை நூலகத்தில் உட்கார்ந்தவள், யாராவது ஒன்று கேட்டால் அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். போன வருஷம் நாலு மாசம் உன்னோடு சிகாகோவில் இருந்தேனே, நீ ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவாய், நான் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு ரயிலேறி ஊருக்குள் போய்விடுவேன். பெரும்பாலும் ஹரால்டு வாஷிங்டன் பெயர் வைத்த அந்தப் பெரிய நூலகம்தான், ஒன்பதாம் மாடியில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு மேஜை. அங்கே படித்ததையும் நடந்து பார்த்ததையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த வாஷிங்டனையே எடுத்துக்கொள். அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராக ஜெயித்தார். ஜெயித்து என்ன, நகரசபையில் இருந்த 50 பேரில் 29 பேர் ஒரு அணியாகச் சேர்ந்துகொண்டு வருஷக்கணக்கில் அவரை ஒன்றும் செய்யவிடவில்லை. 1987இல் அலுவலக மேஜையிலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கேயே பிறந்தவருக்கே அந்த ஊர் அவ்வளவு லேசில் மடியைக் கொடுக்கவில்லை பாப்பா.

சிகாகோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த ஆற்றங்கரையில் காட்டு வெங்காய வகை ஒன்று மண்டிக் கிடந்ததாம், அங்கே இருந்த பூர்வகுடிகள் அதைத் தங்கள் மொழியில் சொன்ன பேர்தான் திரிந்து திரிந்து இப்படி ஆயிற்று. அந்த மக்களைத் தவிர மற்ற எல்லாரும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். மிஷிகன் அவென்யூ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மார்பளவுச் சிலை பார்த்தோமே, ஜான் பாப்டிஸ்ட் பாயின்ட் டுசாபிள், அவர்தான் அப்படி வந்து நிலையாகக் குடியேறிய முதல் ஆள். கறுப்பர். மனைவி கிட்டிஹாவா பூர்வகுடிப் பெண். 1800இல் அவர் இடத்தை விற்றபோது எழுதிய பத்திரம் பின்னாளில் கிடைத்தது, அதில் வீடு, தொழுவம், மாவு அரைக்கும் ஆலை, ரொட்டி சுடும் கூடம், பால் பண்ணை, கோழிக்கூடு என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஒரு முழுக் குடித்தனம்! ஆனால் அவருக்குப் பிறகு அதே வீட்டுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரரைத்தான் ரொம்ப காலம் ஊரின் தந்தை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏரியை ஒட்டி ஓடும் அந்தப் பெரிய சாலைக்கு டுசாபிள் பேரை வைத்தது 2021இல்தான். நீ பஸ்ஸில் போகிற சாலை அது.

இப்போது உன் தொழிலுக்கு வருகிறேன். நோட்டில் இந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன், அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், நீ தூங்கி எழுந்து அவசரமாகக் கிளம்புவாய், அப்படியே விட்டுப்போயிற்று. 1889இல் எம்மா ரெனால்ட்ஸ் என்று ஒரு பெண் சிகாகோவில் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். கறுப்புப் பெண் என்பதால் நர்ஸிங் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவளுடைய அண்ணன் ஒரு பாதிரியார், அவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் என்ற கறுப்பின டாக்டரிடம் போய், என் தங்கைக்கு ஏதாவது வழி செய்யுங்கள் என்று கேட்டார். அந்த டாக்டருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இடம் கிடையாது. சரி, நாமே ஒன்று ஆரம்பித்துவிடலாம் என்று முடிவெடுத்து, ஊரில் பணம் திரட்டி, 1891இல் பிராவிடன்ட் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள், அதோடு நர்ஸிங் பள்ளியும். எல்லா நிறத்தவரும் சேர்ந்து வேலை பார்த்த ஆஸ்பத்திரி. முதல் செட்டில் படித்து வெளியே வந்தவர்களில் எம்மாவும் ஒருத்தி.

இன்னும் கேள். 1893 ஜூலையில் ஒருவனை நெஞ்சில் கத்திக்குத்தோடு தூக்கி வந்தார்கள். எக்ஸ்ரே கிடையாது, ரத்தம் ஏற்றுகிற வழக்கமும் அப்போது இல்லை. வில்லியம்ஸ் நெஞ்சைத் திறந்து இதயத்தைச் சுற்றியிருக்கிற உறையைத் தைத்தார். 51 நாள் கழித்து அவன் நடந்தே வீட்டுக்குப் போனான். அந்தக் காலத்தில் இதயத்தில் கை வைப்பதற்கே டாக்டர்கள் பயப்படுவார்கள். ஒரு பெண்ணை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதால் எழும்பிய ஆஸ்பத்திரியில்தான் அது நடந்தது. உன்னை ஒருவன் "வேற நர்ஸை அனுப்பு" என்று சொன்ன அன்றைக்கு எனக்கு முதலில் நினைவு வந்தது எம்மாதான்.

ஜேன் ஆடம்ஸைப் பற்றி உனக்கே தெரியும், ஹல் ஹவுஸுக்கு நாம் சேர்ந்துதானே போனோம். 1889இல் ஒரு தோழியோடு, ஹால்ஸ்டெட் தெருவில், இத்தாலிக்காரர்களும் கிரேக்கர்களும் யூதர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டைக்கு நடுவில், அவர்களுக்கு உதவுவதற்காகவே வீடு எடுத்து உட்கார்ந்துவிட்டார், அதுதான் ஹல் ஹவுஸ். நோபல் பரிசு 1931இல் வந்தது, அதை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது, தெருவில் குப்பை அள்ளாமல் கிடந்து குழந்தைகள் நோயில் விழுகிறார்கள் என்று அவரே அந்த வட்டாரத்துக் குப்பை ஆய்வாளர் வேலையை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் வண்டிக்குப் பின்னால் போனார் என்பது.

விவேகானந்தர் 1893இல் பேசியது, ஒபாமா 1985இல் தெற்குப் பகுதிக்கு வேலைக்கு வந்தது, நியூ ஆர்லியன்ஸிலிருந்து 1922இல் ரயிலேறி வந்த ஜாஸ் இசைக்காரர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன். மடி வாட்டர்ஸ் மட்டும் ஒரு வரி. மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் வேலை பார்த்துக்கொண்டு கிட்டார் வாசித்தவர், 1943இல் சிகாகோ வந்தார். மது விடுதியில் இரைச்சல், வெறும் கிட்டார் யார் காதிலும் விழவில்லை, மின்சாரக் கிட்டாருக்கு மாறினார், அங்கிருந்து அந்த ஊருக்கென்றே ஒரு இசை கிளம்பியது.

அப்புறம் அந்த சியர்ஸ் டவர். இப்போது வில்லிஸ் டவர் என்கிறார்கள். 103ஆம் மாடியில் கண்ணாடித் தரையில் நிற்கச் சொன்னாய், நான் உன் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு கீழே குனியவே இல்லை. அதை நிற்க வைத்தவர் டாக்காவில் பிறந்த ஒரு வங்காளி, ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1952இல் உதவித்தொகையில் படிக்க வந்தவர். சிகாகோவில் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவு உயரத்தில் கட்டடத்தின் எடையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. கான் என்ன செய்தார் என்றால், பக்கத்துக்கு 75 அடி உள்ள ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டினார். ஒற்றை ஈர்க்குச்சி வளையும், விளக்குமாறாகக் கட்டினால் நிமிர்ந்து நிற்கும் பார், அதேதான். 50ஆம் மாடி வரைக்கும் ஒன்பதும் சேர்ந்து போகும், அதற்கு மேல் இரண்டு மூன்றாக நின்றுகொள்ளும், உச்சிக்குப் போவது இரண்டுதான். மொத்தம் 442 மீட்டர், கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் வரும்வரை உலகத்திலேயே உயரம். 1971 வங்கதேச விடுதலைப் போரில் தன் நாட்டு மக்களுக்காக அங்கிருந்தே நிதி திரட்டியிருக்கிறார். இந்த ஊரா அந்த ஊரா என்று அவர் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1982இல், 52 வயதில், ஜெத்தாவில் காலமானார். உடலைச் சிகாகோவுக்குத்தான் கொண்டுவந்தார்கள், கிரேஸ்லேண்டில் அடக்கம்.

ராமானுஜன் கதையை நான் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், உனக்குச் சொன்னேனா என்று தெரியவில்லை. ஏ.கே. ராமானுஜன், மைசூரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த புதுசில், ஒரு சனிக்கிழமை, ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குப் போய்ப் பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடியிருக்கிறார். வீட்டில் தமிழ் பேசினாலும் சங்கத் தமிழ் அவர் படித்ததே இல்லை. அங்கே கைக்கு வந்தது உ.வே.சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. நின்ற இடத்திலேயே புரட்ட ஆரம்பித்தவர், அப்புறம் வாழ்நாள் முழுக்க அதை விடவில்லை. ஐந்து வருஷத்தில் அந்தக் கவிதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார், உலகம் முழுக்கப் படித்தார்கள். யோசித்துப் பார், உ.வே.சா. பாடம் சொன்ன கல்லூரி நம் காவிரிக் கரையில், நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. நம் ஊரில் வாழ்ந்தவர் பதிப்பித்த புத்தகம் அவ்வளவு தூரம் போய் ஒரு நிலவறையில் காத்துக்கிடந்து, தன் மொழியைத் தேடி வந்த ஒருவர் கையில் விழுந்திருக்கிறது. புத்தகத்தோடேயே வாழ்ந்தவள் நான், அந்தக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றபோது கண் கலங்கிவிட்டது. நீ குளிர் என்று நினைத்து மஃப்ளரைக் கொடுத்தாய்.

வானியல் விஞ்ஞானி சந்திரசேகரைப் பற்றி உன் அப்பா ஒரு புத்தகமே எழுதுவார், நான் சுருக்கிக்கொள்கிறேன். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்கிஸ் வானாய்வுக் கூடத்துக்கு வந்தார். நிறத்தைக் காரணம் காட்டி அவர் வளாகத்தில் பாடம் நடத்தக்கூடாது என்று ஒரு டீன் தடுத்தார், பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் நடத்தட்டும் என்று சொல்லிவிட்டார். பின்னாளில் பனியிலும் போக வர நூறு மைலுக்கு மேல் கார் ஓட்டிவந்து இரண்டே மாணவர்களுக்கு வகுப்பு எடுத்த கதையை எல்லாரும் சொல்வார்கள், அந்த இரண்டு பேரும், லீயும் யாங்கும், 1957இல் நோபல் வாங்கினார்கள். இவருக்கு வந்தது 1983இல்.

நான் நினைப்பது அவர் மனைவி லலிதாவைத்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் அவரும் இயற்பியல் படித்தவர். கல்யாணமான மறுவருஷமே அந்த வானாய்வுக் கூடம் இருந்த வில்லியம்ஸ் பே என்ற சின்ன ஊரில் வந்து இறங்கினார். பேச ஒரு தமிழ்க் குரல் இருந்திருக்குமா அங்கே? இன்றைக்கு மாதிரி போன் ஏது, ஒரு கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். 1995இல் கணவர் போன பிறகும் சிகாகோவிலேயே இருந்து 2013இல், 102 வயதில் கண்மூடினார். நீ அந்த முதல் குளிர்காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு வீடியோ கால் போட்டபோதெல்லாம், அந்த அம்மா தன் முதல் குளிர்காலத்தில் யாரிடம் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

உன்னை அங்கேயே இரு என்று சொல்வதற்காக நான் இதையெல்லாம் எழுதவில்லை. நீ இங்கே வந்தால் எனக்கும் அப்பாவுக்கும் அதைவிட வேறென்ன வேண்டும், உன் அறையில் கொசுவலைகூட மாற்றாமல் அப்படியேதான் இருக்கிறது. வர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் டிக்கெட் போடு, ஒரு வார்த்தை ஏன் என்று கேட்கமாட்டோம். ஆனால் அந்த ஆள் சொன்னான் என்பதற்காக மட்டும் வராதே கண்ணு. அவன் அப்பாவுக்கு அந்த ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி போட்டு, போர்வையைச் சரிசெய்து, மூச்சு சீராகும்வரை பக்கத்தில் நின்றது நீதான். மறுநாள் அந்தப் பெரியவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார் என்றும் நீயேதான் சொன்னாய், அதைப் பாதியிலேயே விட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாய்.

அடுத்த வாரம் உனக்கு இரண்டு நாள் லீவு என்றாய். உடம்பு அசதி தீரத் தூங்கு. இரண்டாம் நாள் முடிந்தால் கிரேஸ்லேண்டுக்குப் போய் கான் சாருக்கு ஒரு பூ வைத்துவிட்டு வா, நான் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டு போக முடியாமல் போயிற்று, அது எனக்கு ஒரு குறை. பக்கத்துத் தெரு மாமியின் பிள்ளை 20ஆம் தேதி கிளம்புகிறான், அவனிடம் கறிவேப்பிலைப் பொடியும், நார்த்தங்காய் ஊறுகாயும், என் நோட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாய் பாட்டிலை இரண்டு கவரில் சுற்றி வைக்கிறேன், நோட்டில் எண்ணெய் படாமல் பார்த்து எடு.

அன்புடன்,
அம்மா
கும்பகோணம்