கொண்டைக்கடலை இரகம் உருவாக்குவோருக்குப் பினாங்கிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய வேளாண் விஞ்ஞானிகளுக்கு வணக்கம்.

பயறு வண்டைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் கேளுங்கள்.

வெள்ளி இரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பாதையில் எங்கள் குடும்பம் தண்ணீர்ப்பந்தல் போடுகிறது. சுண்டலுக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த 25 கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலை மூட்டையைப் பிரித்தேன். மேலெல்லாம் மாவு. உள்ளே கையை விட்டால் முழங்கை வரை வண்டு ஊர்ந்தது. ஒரு படி ஊறப் போட்டுப் பார்த்தேன்; பாதி மிதந்தது. மிதந்ததைக் கொட்டிவிடலாம், மூழ்கியதை என்ன செய்வது? ஓட்டின்மேல் வெள்ளைப் புள்ளியாக முட்டை, அதற்கடியில் பருப்பைத் தின்றுகொண்டு புழு. 48 நாள் விரதமிருந்து காவடி எடுத்து வருகிறவர் கையில் அதையா கொடுப்பது? என் மாமியாருக்கு வயது 78. முறத்தோடு உட்கார்ந்தவர் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. தேறியது ஆறு கிலோ.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "மூட்டையோடு வந்த வண்டுக்கு நான் என்ன செய்யட்டும் அக்கா?" என்றார். அதுவும் நியாயம்தான். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். எங்கள் ஊர் வெக்கையில் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். வேப்பிலையும் மிளகாய் வற்றலும் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

வயலில் காயைத் துளைக்கும் காய்ப்புழுவோடு நீங்கள் மல்லுக்கட்டுவதை அறிவேன். இலையில் சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் புழுவின் வளர்ச்சியைத் தடுப்பதுவரை ஆராய்ந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. களத்துமேட்டோடு கடமை முடிந்துவிட்டதா? குண்டு குண்டாக, மெல்லிய தோலும் வழவழப்புமாக இரகங்களை வெளியிடுகிறீர்கள். முட்டையிட இதைவிட வசதி வண்டுக்கு வேறெங்கே கிடைக்கும்? தடித்துச் சொரசொரத்த தோலுள்ள கறுப்புக் கடலை ஓரளவாவது தாக்குப்பிடிக்கிறது. துருக்கியின் தென்கிழக்கில் வளரும் காட்டுக் கொண்டைக்கடலையில் வண்டை எதிர்க்கும் விதைகள் உண்டு; நம் கடலையோடு கலந்து விதை தரும் இனங்களும் அவற்றில் உண்டு. ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டஞ்செரு விதை வங்கியில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட கொண்டைக்கடலை மாதிரிகள் இருக்கின்றன. விதைக்கா பஞ்சம்?

நான் கேட்பது ஒன்றுதான். புதிய இரகத்தை வெளியிடும் முன் அதை வண்டோடு அடைத்துவைத்துச் சோதியுங்கள். முடிவை விளைச்சல் கணக்குக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இரகத்துக்குப் பெயர் சூட்டத் தெரிகிறது, எண் போடத் தெரிகிறது, மூட்டையில் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. உங்களில் யாரும் முறம் பிடித்ததில்லை போலும். உங்கள் வீட்டுச் சுண்டலையும் யாரோ ஒருத்தி பொறுக்கித்தான் தருகிறாள், கேட்டுப் பாருங்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரகம் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும் என்பது தெரியும். அடுத்த தைப்பூசத்துக்கே வேண்டும் என்று கேட்கவில்லை. வண்டுச் சோதனையையாவது இந்த ஆண்டே தொடங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பினாங்குத் தண்ணீர்ப்பந்தல் சமையல்காரி ஒருத்தி