மூன்றாவது பந்து

தம்பி,

பணம் வந்து சேர்ந்தது. மூச்சுப் பயிற்சி வீடியோ மூன்றும் வந்தன. இரண்டைப் பார்த்தேன், மூன்றாவதில் அந்த ஆள் பேசிக்கொண்டே இருக்கிறான், அவனே மூச்சு விடக் காணோம், நிறுத்திவிட்டேன். அம்மாவிடம் தினமும் பேசுகிறாய் என்று தெரியும். போனை வைத்ததும் "உங்களைக் கேட்டான்" என்பாள். என்ன கேட்டான் என்றால் "எப்படி இருக்கீங்கன்னு" என்பாள். பக்கத்து அறையில்தான் இருக்கிறேன், போனைக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம் நீ. சரி, அதைச் சொல்ல உட்காரவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். இந்தத் தடவை தேதி மாறாது. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு, எனக்கு வலதில் மேல் மடலை மட்டும் எடுக்கிறார்கள். விலாவுக்கு நடுவே சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்வது. உள்ளே சரிப்படவில்லை என்றால் திறந்துதான் செய்வோம் என்று அதற்கும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், ரிப்போர்ட்டை முதலில் படித்தவனே நீதானே. நீ தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்த ஃபைலைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் யார் செய்தது என்று கேட்டார். என் பையன் என்றேன். சொல்லும்போது தொண்டை கொஞ்சம் அடைத்தது, நல்ல வேளை, அங்கே எல்லாரும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உனக்குத் தெரியாதது ராத்திரி மூன்று மணி. சொல்லி வைத்ததுபோல் விழிப்பு வந்துவிடுகிறது. ஆபரேஷன் நேரத்தில் வலது நுரையீரலுக்குக் காற்றை நிறுத்திச் சுருங்க விட்டுவிட்டு, இடதை மட்டும் வைத்து மூச்சு ஓட்டுவார்களாம். பகலில் கேட்டபோது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று இருந்தது. மூன்று மணிக்கு அப்படி இல்லை. இருட்டில் படுத்துக்கொண்டு ஒரு பக்கத்தால் மட்டும் மூச்சு இழுத்துப் பார்க்கிறேன், முடியுமா என்ன. இருமல் வந்தால் அம்மா எழுந்துவிடுவாள் என்று அடக்குகிறேன். அவளும் தூங்கவில்லை என்பது அவள் மூச்சிலேயே தெரிகிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எழுப்பாமல் முழித்துக்கொண்டு கிடக்கிறோம்.

மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். "பயமா இருக்கா?" என்று நேராகக் கேட்டார். இத்தனை மாதத்தில் வீட்டில் ஒருவர் கேட்காத கேள்வி. தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாது, இதுதான் எல்லாரும் சொன்னது, நீயும்தான். இருக்கு என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை, எழுதிக்கொண்டார், ரத்த அழுத்தத்தை எழுதிக்கொள்வதுபோல. தேவைப்பட்டால் முந்தின ராத்திரி தூங்குவதற்கு மாத்திரை தருகிறோம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். அன்றைக்கு அந்தக் கேள்வி ஏன் வந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

அவர் சொன்னதில் இரண்டு விஷயம் பலிக்கிறது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கு: நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடு, எதிரே மெழுகுவத்தி இருந்தால் சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது, அந்த மாதிரி. இன்னொன்று, மூன்று மணிக்கு வருகிற கேள்வியை அப்போதே நோட்டில் எழுதி, காலையில் அங்கே கேள், போனில் தேடாதே. பன்னிரண்டு கேள்வி சேர்ந்தது. கண் விழிக்கும்போது விலாவில் ஒரு குழாய் இருக்கும், அது தண்ணீர் உள்ள பாட்டிலில் போய் முடியும், இருமினால் அதில் குமிழி வரும், அது நுரையீரலிலிருந்து கசியும் காற்று, போகப் போகக் குறையும் என்று சொன்னார்கள். முன்பே தெரிந்ததால் குமிழியைக் கண்டு பயப்பட மாட்டேன். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். மறுநாளே எழுப்பி நடக்கவிடுவார்கள். அம்மாவிடம் பாட்டில் விஷயத்தை நீயும் ஒரு தடவை சொல்லிவிடு, நான் சொன்னால் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

அப்புறம் அந்த மூன்று பந்துக் கருவி. குழாயை வாயில் வைத்து உள்ளே இழுக்க வேண்டும், ஒவ்வொரு பந்தின் கூண்டிலும் 600, 900, 1200 என்று எழுதியிருக்கிறது. முதல் பந்து ஏறிவிடும். இரண்டாவது ஏறும், நிற்காது. மூன்றாவது அசையவே மாட்டேன் என்கிறது. ஒரு நாள் கருவியைத் தலைகீழாகப் பிடித்து ஊதினேன், மூன்றும் பறந்தன. அம்மா பார்த்துவிட்டாள். எண்ணிக்கை அவள் கையில்தான், மணிக்குப் பத்து தடவை, அந்தப் பத்தை முதலிலிருந்து எண்ண வைத்தாள்.

படிக்காதே என்றாலும் கை சும்மா இருக்குமா. ஆனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்கிற கணக்குப் பக்கம் போகவில்லை. அமெரிக்காவில் 1933-இல் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற டாக்டர், ஜேம்ஸ் கில்மோர் என்பவருக்குப் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை முழுசாக எடுத்தார். அப்படி எடுத்துப் பிழைத்த முதல் ஆள் அவர்தான். அவரும் டாக்டர், பிரசவம் பார்ப்பவர். ஆபரேஷனுக்கு முன்னால் ஊருக்குப் போய்க் கல்லறைக்கு இடம் வாங்கினாராம், அதோடு பல் குழிக்குத் தங்கமும் அடைத்துக்கொண்டாராம். எனக்கு அந்த மனுஷனை நன்றாகப் புரிகிறது. போன வாரம் நானும் வங்கிக் கணக்குக்கு வாரிசுப் பெயரைச் சரிபார்த்துவிட்டு, அதே தெருவில் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன். கில்மோர் முப்பது வருஷம் இருந்தார், 1963 வரைக்கும்.

கிரஹாம் அவ்வளவு நாள் இல்லை. புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவை 1950-இல் வைண்டர் என்ற மாணவரோடு சேர்ந்து எழுதியவரே அவர்தான். அவரே பல வருஷம் புகைத்தவர். எழுதிய பிறகு விட்டுவிட்டார். 1957-இல் நுரையீரல் புற்றிலேயே போனார், வைத்தியம் பார்த்தவர் போன பிறகும் நோயாளி ஆறு வருஷம் இருந்திருக்கிறார். இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், சும்மாதான். படித்தேன், சொன்னேன்.

மாடி ஏறும்போது உனக்கு மூச்சு வாங்குகிறதா? ஒரு தடவை உடம்பைக் காட்டிக்கொள். வேலை வேலை என்று இருக்காதே. போன தடவை நீ வந்தபோது உன் நீலச் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, பையிலிருந்து எதையோ எடுத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள், எனக்குத் தெரியக் கூடாதாம். நாற்பது வருஷம் என் சட்டைப் பையைத் துழாவியவள், எதை எடுத்தால் அவள் முகம் அப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா. நான் கேட்கவில்லை. நீயும் தேடவில்லை, வேறு வாங்கியிருப்பாய். ஒரு தடவை உடம்பைக் காட்டிக்கொள், அவ்வளவுதான்.

கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, அதனால்தான் சுற்றி வளைக்கிறேன். முதல் தேதி தள்ளிப்போனதே, ஆபரேஷன் தியேட்டர் காலி இல்லையாம் என்று உங்கள் இருவரிடமும் சொன்னேனே, அது பொய். பயாப்ஸி முடிவு வந்த அன்றே விட்டுவிட்டேன் என்று உங்களிடமும் டாக்டரிடமும் சொல்லியிருந்தேன். விடவில்லை. ராத்திரி குப்பை போடப் போகிற சாக்கில் ஒன்று, பயம் அதிகமான நாளில் இரண்டு. நெஞ்சில் சளி கட்டியிருந்தது, மூச்சுப் பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. அந்த மயக்க மருந்து டாக்டர், மூச்சில் புகையின் வாயு எவ்வளவு என்று காட்டும் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து ஊதச் சொன்னார், திரையை என் பக்கம் திருப்பினார், 14 என்று இருந்தது. புகைக்காதவர்களுக்கு இவ்வளவு வராது என்றார். நான் தரையைப் பார்த்தேன். திட்டுவார் என்று இருந்தேன், அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், பயமா இருக்கா என்று. நாலு வாரம் தள்ளிவைத்தார்கள். அது என்னால்.

நீ கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். கவுண்டரில் இருந்த அந்தப் பிள்ளையிடம், ஒரு உயிர் விஷயத்தில் இப்படியா என்று கத்தினாய், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வெளியே வந்ததும் மரியாதை தெரியாதவன் என்று உன்னைத்தான் திட்டினேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. இப்போது வியாழக்கிழமைக்கு உனக்கு லீவு இல்லை.

உனக்கு ஏழு வயதில் தீப்பெட்டி எடுத்து வா என்று உன்னைத்தான் அனுப்புவேன். காற்றுக்கு மறைவாக இரண்டு கையையும் குவித்துப் பிடிப்பாய், சுடர் வெளிச்சத்தில் விரல் இடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரியும். நன்றாகப் பிடிக்கிறான் என்று ஆள் வந்தால் சொல்லிச் சிரிப்பேன்.

இன்றைக்கு முப்பத்தோராவது நாள், ஒன்றுகூட இல்லை. நேற்று மறுபடி ஊதச் சொன்னார்கள், 2 என்று வந்தது. வியாழன் காலை ஏழு மணிக்கு உள்ளே கூட்டிப் போவார்கள், போனை ஆறரைக்கு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அதுவரை என் கையில்தான் இருக்கும். மூன்றாவது பந்து நேற்று அசைந்தது, அம்மா நம்பவில்லை.

தேதி விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லிவிடாதே. புதன் ராத்திரி நானே சொல்கிறேன், எப்படியும் இரண்டு பேரும் முழித்துக்கொண்டுதான் இருப்போம்.

அப்பா