நூல்கண்டு கொண்டு வந்த அண்ணனுக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டை சொந்தங்களுக்கு வணக்கம்.

அப்பாவுக்கு வலது கை விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டார். மூன்றாவதைத் தள்ளிவிட்டு, சட்னியில் உப்பு பத்தவில்லை என்று முகத்தைச் சுளித்தார். முகம் சுளிக்க வருகிறதே என்று அம்மா அழுதேவிட்டார்.

எங்கள் மளிகைக் கடைச் சாவியையும் அதே வாரத்தில்தான் ஒப்படைத்தோம். இப்போது அந்தப் பக்கம் போனால் பாதிச் சுவர்தான் நிற்கிறது. எங்கள் கல்லாப்பெட்டி இருந்த இடத்தில் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். அதற்காகத் துக்கம் விசாரித்தவர்களுக்கும் இந்த மடலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

லீ பஜார் லோடுமேன் அண்ணன்கள் கூலியே வாங்காமல் மிச்சச் சரக்கை ஏற்றிக் கொடுத்தார்கள். எதிர்க்கடை சித்தப்பா அதைக் கொள்முதல் விலைக்கே எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் அவர் கடையில் ஒரு கடலை மிட்டாய் வாங்கியதற்கு எனக்கு அடி விழுந்திருக்கிறது, அந்த அளவுக்குப் போட்டி! கொலுசுப் பட்டறைத் தம்பிகள் இராத்திரி முறைபோட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தார்கள். தட்டுவடை செட் போடும் அக்கா தினமும் சாயங்காலம் காரட்டும் பீட்ரூட்டும் தூக்கலாக வைத்து இரண்டு செட் கொடுத்தனுப்பினார். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக.

எங்கள் கடையில் பொட்டலம் மடித்த அண்ணனைப் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். பத்து வயதுப் பையனாக வந்தவர். தாத்தா காலத்திலிருந்தே எங்கள் கடையில் பாலிதீன் பைக்கு இடமில்லை. பழைய பேப்பரும் நூலும்தான். நூல் குகைப் பகுதித் தறிக்காரர் வீடுகளிலிருந்து கழிவாக வரும். அதனால் ஒரு நாள் துவரம்பருப்பு சிவப்பு நூலில் போகும், மறுநாள் பச்சையில் போகும். உத்திரத்தில் தொங்கும் டப்பாவின் ஓட்டை வழியே நூல் இறங்கும். அண்ணன் பொட்டலத்தை இரண்டு சுற்று சுற்றி, விரலில் ஒரு சொடுக்குச் சொடுக்கி நூலை அறுப்பார். அந்தச் சத்தத்தில்தான் நானும் தங்கையும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினோம்.

செவ்வாய்க்கிழமை என்றால் கடையில் நிற்க இடமிருக்காது. சந்தை கூடிய கிழமையால்தானே பேட்டைக்கே அந்தப் பெயர். ஏற்காட்டு மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் மிளகும் காப்பிக்கொட்டையும் விற்றுவிட்டு நேராக எங்களிடம் வருவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் குலுங்கி வந்தவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் மோர், அப்புறம்தான் சாமான் சீட்டு. பட்டறைக்காரர்கள் வெள்ளி துலக்கப் பூந்திக்கொட்டை கேட்பார்கள். ஜவ்வரிசி கேட்டால் அப்பா விடமாட்டார். பாயசத்துக்கா வடாத்துக்கா என்று விசாரித்துவிட்டுத்தான் நைலானா மாவு ஜவ்வரிசியா என்று முடிவு செய்வார். கிலோ வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் சில பாட்டிகள் வெல்லத்தை வீசைக் கணக்கில் கேட்டார்கள். ஒரு வீசை நாற்பது பலம், கிட்டத்தட்ட ஒரு கிலோ நானூறு கிராம். அண்ணன் அதை மனக்கணக்கிலேயே போட்டுத் தராசில் வைப்பார்.

அப்படிப்பட்டவர் பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளிக்குக் கணக்குத் தகராறில் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். தப்பு எங்கள் பக்கம்தான். ஒரு மூட்டை பச்சைப்பயறு கணக்கில் விட்டுப்போயிருந்தது, அது பிறகு தெரிந்தது. தெரிந்தும் அப்பா போய்க் கூப்பிடவில்லை. வீம்பு. தெருவில் எதிரே வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாகப் போவார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பயிற்சிக்காக ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அமுக்கச் சொன்னால் அதைப் போர்வைக்குள் ஒளித்துவைப்பார். யாரோடும் பேச்சில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்பதாம் நாள் மத்தியானம் இந்த அண்ணன் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எதுவும் இல்லை. கக்கத்தில் ஒரு கட்டுப் பழைய பேப்பர், கையில் ஒரு நூல்கண்டு, ஒரு பையில் பொட்டுக்கடலை. "எப்படி இருக்கீங்க மொதலாளி" என்றுகூடக் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பேப்பரை நாலாகக் கிழித்து, ஒரு துண்டை அப்பா மடியில் வைத்தார். "கால் கிலோ பொட்டுக்கடலை. ஆளு நிக்குது."

அப்பா அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கை நகர்ந்தது. பேப்பரின் ஒரு முனையை உருட்டினார். அவிழ்ந்தது. மறுபடி உருட்டினார். மூன்றாவது தடவை, அதுவரை கட்டைபோலக் கிடந்த வலது கையின் கட்டைவிரல் மெல்ல வந்து ஓரத்தை அழுத்திப் பிடித்தது. நான் கத்தப் பார்த்தேன், அண்ணன் கண்ணாலேயே அடக்கினார். கூம்பு நின்றது. அண்ணன் கடலையைக் கொட்டினார். அப்பா பொட்டலத்தைக் கையில் ஏந்தி எடை பார்த்தார், பிறகு பையில் கைவிட்டு இரண்டு விரலால் இன்னும் கொஞ்சம் கடலை எடுத்து மேலே போட்டார். கொசுறு!

நூலை மட்டும் அண்ணன்தான் கட்டினார். சொடுக்கி அறுத்தபோது பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதன்பிறகு டிஸ்சார்ஜ் ஆகும்வரை தினமும் வந்தார். வார்டு முழுக்கப் பொட்டுக்கடலை தின்றது. தள்ளுவண்டி வியாபாரத்தை மத்தியானம் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தப் பச்சைப்பயறைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணா, அப்பா சொல்லாததை நான் சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்று. கடன் நோட்டைத் தேடி யாரும் வர வேண்டாம், அப்பா அதைக் கிழித்துப் பொட்டலம் மடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். கடை இல்லை என்றாலும் ஆடி மாதம் மாரியம்மன் கூழுக்கு எங்கள் வீட்டுக் கம்பு வழக்கம்போல வரும். எவ்வளவு என்று நேற்று அப்பாவைக் கேட்டேன். இடது கையில் நாலு விரல் காட்டினார். நாலு படியா, நாலு மூட்டையா தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மளிகைக் கடை வீட்டு மூத்த பெண்