வெஸ்ட்கேட் பில்டிங்ஸுக்குப் போகிறவள்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் இரண்டு வாரம் படியேறக்கூடாதாம். அதனால் பகலெல்லாம் ஜேன் ஆஸ்டினின் 'பர்சுவேஷன்' நாவல்தான் துணை. கல்லூரியில் இதைக் காதல் கதையாகப் படித்தோம். இந்த முறை என்னைப் பிடித்துக்கொண்டவை அதில் வரும் விலாசங்கள்.

சர் வால்டர் எலியட் கடன் முற்றிப்போய், பரம்பரை மாளிகையை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு வருகிறார். சிக்கனமாக இருக்க வந்தவர் வீடு பிடித்தது மேட்டின்மேல், கேம்டன் பிளேஸில். சொந்த வீட்டில் இருக்க வழியில்லாதவருக்கு அந்தத் தெருப்பெயர்தான் கௌரவம். அது நிஜமான கட்டட வரிசை, இப்போது கேம்டன் கிரெசன்ட் என்கிறார்கள். 1788 வாக்கில் கட்டும்போதே மண் சரிந்து, கிழக்கு முனையை முடிக்கவே முடியவில்லை. இன்றும் அது ஒரு பக்கம் குறையாகத்தான் நிற்கிறது. ஆஸ்டின் தெரிந்தேதான் அவரை அங்கே குடிவைத்தார் என்று எனக்குப் படுகிறது.

ஒரு நாள் லாரா பிளேஸில் தங்கியிருக்கும் பெரிய இடத்து உறவுக்காரி லேடி டால்ரிம்பிள் மாலை விருந்துக்கு அழைக்கிறாள். சர் வால்டரின் மகள் ஆன், தன் பள்ளித் தோழி மிஸஸ் ஸ்மித்தைப் பார்க்க ஏற்கெனவே ஒப்புக்கொண்டதாகச் சொல்லி மறுக்கிறாள். எங்கே என்றால், வெஸ்ட்கேட் பில்டிங்ஸில். அப்பா முதலில் பதறுவது அந்தத் தெருவைக் கேட்டுத்தான், ஆளைப் பற்றிய கேள்வி அப்புறம்தான் வருகிறது. ஆன் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் போகிறாள்.

மிஸஸ் ஸ்மித் இளம் விதவை, நடக்க முடியாதவள். சத்தமான ஒரு முன்னறை, பின்னால் இருட்டான படுக்கையறை, அவ்வளவுதான் வீடு. அம்மாவை இழந்துவிட்டுப் பள்ளிக்கு வந்த ஆனுக்கு அன்று ஆறுதலாக இருந்தவள் அவள்.

ஆஸ்டினுக்கு இது கேள்விப்பட்ட சங்கதி அல்ல. 1801இல் குடும்பத்தோடு பாத்துக்குக் குடிபோகும்போது, டிரிம் ஸ்ட்ரீட் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அம்மா உறுதியாக இருந்தாராம். 1805 ஜனவரியில் அப்பா இறந்தார். வருமானம் சுருங்கியது, வீடுகளும் சுருங்கின. 1806இல் அதே டிரிம் ஸ்ட்ரீட்டில்தான் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து இந்த நாவலை எழுதும்போது, அந்தப் படியிறக்கம் அவருக்கு மறந்திருக்குமா?

கமலா, இவர் கடை நொடித்து நாங்கள் ஒண்டுக்குடித்தனத்துக்குப் போனபோது, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நீ மாதம் தவறாமல் இரண்டு பஸ் மாறி வந்தாய். பொதுக் குழாயில் எனக்காகத் தண்ணீர் பிடித்தாய். அன்று உன்னிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆன் கிளம்பிப் போகும் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, வெகுநேரம் உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு வந்துவிடு. நாலு நாளாவது இருக்கிற மாதிரி வா.

உன்,
சாரதா