கோரிக்கை மனு: பூனைக் காப்பகம் வேண்டாம், வாரம் ஒரு நாள் கருத்தடை வேண்டும்

அனுப்புநர்:
பூனை மீட்புத் தன்னார்வலர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
சேலம் மாநகராட்சி, சேலம்.

பொருள்: நாய்க் கருத்தடை மையத்தில் பூனைகளுக்குத் தனி நாளும் இரண்டு தனி அறைகளும் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தெருப் பூனைகள் பெருகிவிட்டன என்று புகார் எழும்போதெல்லாம், பிடித்து ஒரு கொட்டகையில் அடைத்துவிடலாம் என்ற யோசனையும் கூடவே எழுகிறது. பூனை மீட்பில் இருக்கும் நாங்களே அதை வேண்டாம் என்கிறோம்.

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஐந்து மாதக் குட்டியே பருவத்துக்கு வந்துவிடலாம். பால் கொடுக்கும் தாயும் மறுபடி சினைப்படும். இந்த வேகத்துக்கு எந்தக் கொட்டகையும் ஈடுகொடுக்காது. நெரிசலில் முதலில் சளியும் கண் நோயும் பரவும், அடுத்து பான்லூகோபீனியா என்ற கொடிய வைரஸ் நோய் வந்து குட்டிகளை வாரிக்கொண்டு போகும். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸுக்கு நெருங்கிய இந்த வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் இருக்கும்; ஸ்பிரிட்டுக்குச் சாகாது. பினாயிலோ பூனைக்கே நஞ்சு: பாதத்தில் ஒட்டியதை நக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். சோப்பு போட்டுக் கழுவிய பிறகு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்) ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் மருந்து வீண்.

ஆகவே வாரத்தில் ஒரு நாள் நாய்கள் இல்லாமல் பூனைகளுக்கு மட்டும் அறுவை நடக்கட்டும். குரைப்புச் சத்தத்தில் மிரண்ட பூனைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. இரண்டு சிறு அறைகள் போதும்: ஒன்று நோயுற்றவைக்கு, மற்றது தெருவுக்குத் திருப்பி அனுப்ப முடியாத அநாதைக் குட்டிகளை 14 நாள் ஒதுக்கி வைக்க. இரண்டுக்கும் தனித்தனிச் செருப்பு, கிண்ணம், துடைப்பம் வேண்டும்.

பிடிப்பது எங்கள் பொறுப்பு. ஒரு பொறிக்கூண்டுக்கு ஒரு பூனை, மேலே துணி மூடி. நாய் வலையும் கோணிப்பையும் ஆகாது. பெரிய பூனைகளுக்கு முந்தின இரவோடு உணவை நிறுத்தலாம். குட்டிகளை நான்கு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடக்கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். அதே மயக்கத்தில் அடையாளத்துக்காக இடது காது நுனியை ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிட்டால், கருத்தடை முடிந்த பூனையை மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்கும் கொடுமை நேராது. வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துவிடும் என்று மையத்தில் எழுதி ஒட்ட வேண்டும். ஆண் பூனையை மறுநாளும், பெண் பூனையைத் தையல் பார்த்து இரண்டு மூன்று நாளிலும் பிடித்த தெருவிலேயே விடுவோம்.

மீன் கடைகள், உழவர் சந்தைச் சுற்றுப்புறங்களில் தொடங்கலாம். ஓர் இடத்துப் பெண் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சுற்றில் கருத்தடை முடித்த பிறகே அடுத்த இடம். வார்டுக்கு இரண்டு என்று பங்கிட்டால் கணக்குக்கு அழகு, தெருவில் பலன் இராது.

தூய்மைப் பணியாளர்களுக்கு ஓர் அறிவுரை போதும்: கிடக்கும் குட்டிகளை உடனே தூக்க வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கும். சில மணி நேரம் தள்ளி நின்று பார்க்கட்டும். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் போய்விடும்.

பூனைகளை ஏற்காட்டுப் பாதையில் விட்டுவிட்டு வருவதையும் தடுத்தருள வேண்டும். அங்கே அவை குளிரிலும் பசியிலும் சாகும், அல்லது சேர்வராயன் காட்டுப் பறவைகளைத் தின்னும். பட்டினியில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம்.

கூண்டு, போக்குவரத்து, பின்கவனிப்புச் செலவு எங்களுடையது. மருத்துவர், மருந்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அறை ஆகியவற்றை மாநகராட்சி வழங்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பூனை மீட்புத் தன்னார்வலர்கள்